காவலும் களவும்: ஒரு பிளாஸ்டிக் தட்டை முன்வைத்து

1

திருடன் திருடினான் என்றால் அது செய்தியில்லை. காவல்காரன் திருடினான் என்றால் செய்தி. 'வேலியே பயிரை மேய்ஞ்சா என்னாய்யா பண்றது?' என்று தலையிலடித்துக்கொள்கிறோம். இந்தப் பழமொழியைச் சொல்லி முடித்தவுடன் சிந்தனையும் முடிந்துபோகிறது. வேலியை நட்டது யார், எதிலிருந்து எதைப் பிரிப்பதற்காக நட்டது, வேலிக்கு என்ன கூலி என்கிற கேள்விகளெல்லாம் பழமொழிக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. பொதுப்புத்தி இயங்கும் விதமே இதுதான்.

2023இல் உலகம் முழுக்கச் சுற்றிவந்த இரண்டு காமிராப் பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்காவின் மியாமி விமான நிலையம். பயணிகளின் பைகளைச் சோதிக்க வேண்டிய ஊழியர்கள், பை எந்திரத்துக்குள் நுழையும் நேரம் பார்த்து உள்ளே கைவிட்டுப் பணம் எடுக்கிறார்கள். இன்னொன்று மணிலா. சோதனைப் பணியிலிருந்த ஒரு பெண் ஊழியர் பயணியிடமிருந்து காணாமல்போன 300 டாலரை மடித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்குகிறார். முதலாவதைப் பார்த்து ஆத்திரப்பட்டார்கள், இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அமெரிக்காவில் 2003 தொடங்கி 2012 வரை திருட்டுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட விமான நிலையச் சோதனை ஊழியர்கள் மட்டும் 381 பேர். ஆகவே ஒன்றிரண்டு 'கெட்ட ஆட்கள்' பற்றிய கதையாக இதைச் சுருக்கிவிட முடியாது. தனிமனித ஒழுக்கம் பற்றிய கதையாடலை விட்டு வெளியே வந்தால்தான் சோதனைச் சாவடி என்கிற அமைப்பின் மீது நம் பார்வை விழும்.

புவனகிரியில் உட்கார்ந்துகொண்டு விமான நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில், புவனகிரி என்று வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரபு நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் போகிறவர்கள் சாமானைத் தட்டில் வைக்கிறார்கள். இதே ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் 'செக்யூரிட்டி' வேலைக்குப் போகிறவர்கள் அதுபோன்ற வாசல்களில் காவல் நிற்கிறார்கள். தட்டின் இரண்டு பக்கமும் நம்ம ஆள்தான்.

2

அந்தத் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தட்டு. பெல்ட்டு, கைக்கடிகாரம், செல்போன், மணிபர்ஸ் எல்லாவற்றையும் அதில் போடு என்கிறார்கள். இரண்டு வருஷம் குவைத்தில் பாத்திரம் தேய்த்துச் சேர்த்த பணமும் போனும் அதில்தான் போகின்றன. தட்டு ஒரு வழியாகவும் ஆள் ஒரு வழியாகவும் அனுப்பப்படுகிறார்கள். கையை விரித்து நின்று உடம்பைத் தடவிப் பார்க்க விட்டுவிட்டு மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, அந்தப் பொருள் யாருடையது? சட்டப்படி உன்னுடையது. ஆனால் உன் கையிலும் இல்லை, உன் கண்ணிலும் இல்லை. உடைமை சற்று நேரம் அந்தரத்தில் தொங்குகிறது.

இதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? கோயில் வாசலில் விடுகிற செருப்புக்கு டோக்கன் தருகிறார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் தருகிறார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டிக்குக்கூட ஒட்டுச்சீட்டு உண்டு. தட்டுக்கு மட்டும் எதுவும் கிடையாது. இதைத்தான் 'நம்பிக்கை' என்கிறார்கள். இது நம்பிக்கையல்ல, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொடுப்பது. நம்பிக்கை என்று சொல்ல வேண்டுமானால் மறுக்கும் வாய்ப்பும் இருந்தாக வேண்டும். 'நான் வைக்க மாட்டேன்' என்று ஒருவர் சொல்ல முடியாத இடத்தில் நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லை மட்டும் எப்படிப் பயன்படுத்துவது?

இந்த ஒப்புக்கொடுத்தலுக்கு நாம் பழகிப்போன வரலாறும் சமீபத்தியதுதான். 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 814 விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. 1968 சட்டத்தின் கீழ் 1969இல் உருவாக்கப்பட்ட இந்தப் படையின் மூல வேலை பொதுத்துறை ஆலைகளைக் காப்பது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய சீருடையில்லை. நெய்வேலிச் சுரங்க வாசலில் நிற்பதும் இதே படைதான். 2014 மார்ச்சில் அந்தச் சுரங்க வாசலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இந்தப் படையைச் சேர்ந்த காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆலை வாசலில் தொழிலாளியை நோக்கி நின்ற சந்தேகம்தான் விமான நிலையத்தில் எல்லோரையும் நோக்கித் திருப்பிவிடப்பட்டது. எல்லோரையும் சந்தேகிப்பதால் அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று மயங்க வேண்டியதில்லை. சந்தேகம் சமமாகப் பகிரப்படுவதில்லை. தனி வழியில் நுழைகிறவர்கள் உண்டு. தாடிக்கும் துப்பட்டாவுக்கும் கூடுதல் நேரம் நிற்கிறவர்களும் உண்டு.

3

திருட்டைத் தடுக்கும் நிரந்தரப் படை என்பதே சரக்கு மூட்டையைச் சுற்றித்தான் பிறந்தது. 1798இல் லண்டன் தேம்ஸ் நதித் துறைமுகத்தில் மேற்கிந்தியத் தீவு வணிகர்களின் பணத்தில், பாட்ரிக் கோல்குஹூன் திட்டத்தின்படி, ஆற்றுப் போலீஸ் நிறுவப்பட்டது. கப்பலிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்கும் தொழிலாளி சிந்தியதைக் கூட்டி எடுத்துப்போவது அதுவரை அவனது கூலியின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. கப்பல் தச்சன் மரச் சிராய்களை வீட்டுக்கு எடுத்துப்போனான். வழக்கமான உரிமையாக இருந்தவை 'திருட்டு' என்று பெயர் மாற்றப்பட்ட கதையைப் பீட்டர் லைன்பா 1991இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். ரைன் மாநிலத்துக் காடுகளில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவது திருட்டாக்கப்பட்டதைப் பற்றி 1842இல் இளம் மார்க்ஸ் எழுதியதும் இதே கேள்வியைத்தான்.

நமக்கு லண்டனுக்குப் போக வேண்டிய அவசியமுமில்லை. அறுப்புக் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம் என்பது வழக்கம். அள்ளியது கொஞ்சம் கூடிப்போனால், 'ஏய், மடியை உதறிக் காட்டிட்டுப் போ' என்பதும் வழக்கம். உரிமைக்கும் களவுக்கும் இடையிலுள்ள கோட்டை மிராசுதாரின் அன்றைய மனநிலை தீர்மானித்தது. 'மடியை உதறு' என்ற அந்தக் குரலுக்கு எந்திர வடிவம் கொடுத்தால் வருவதுதான் ஸ்கேனர்.

இந்த இடத்தில் நம்மில் பலருக்குக் கைவசமுள்ள ஒரு சுலபமான முடிவு வந்து நிற்கும். சின்னத் திருட்டு என்பது ஒடுக்கப்பட்டவனின் எதிர்ப்பு வடிவம், ஆகவே மியாமிக்காரனும் மணிலாக்காரியும் தங்களையறியாமல் கலகம் செய்கிறார்கள் என்பது அந்த முடிவு. சிற்றிதழ்ப் பக்கங்களில் இது அடிக்கடி எழுதப்பட்டுவிட்டது. ஏற்க முடியாது. தேம்ஸ் தொழிலாளி எடுத்தது வணிகனின் சர்க்கரை. களத்தில் அள்ளியது மிராசுதாரின் நெல். தட்டிலிருந்து எடுக்கப்படுவது குவைத்திலிருந்து திரும்பும் வேலைக்காரப் பெண்ணின் இரண்டு மாசச் சம்பளம். 'சில்லறைத் திருட்டு' என்கிறோம். யாருக்குச் சில்லறை? எடுத்தவனுக்கா, இழந்தவளுக்கா, கேமிரா பார்க்கிற நமக்கா? திருட்டின் அளவைப் பணத்தால் அளக்க முடியாது. இழந்தவரின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய ஓட்டை போடுகிறது என்றுதான் அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இது ஏழை ஏழையிடம் திருடுவது. இதைக் கலகம் என்று கொண்டாடுவது இழந்தவளுக்கு நாம் செய்யும் இரண்டாவது திருட்டு.

4

கொண்டாடவும் முடியாது, பழமொழி சொல்லி முடிக்கவும் முடியாது என்றால் என்ன செய்வது? காவல் என்ற சொல் நம் மண்ணில் என்னவாக இருந்தது என்று பார்ப்போம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' ஒரு வரியாகவே வருகிறது. பிற்காலத்தில் தென்மாவட்டங்களில் ஊர்க்காவல், நாட்டுக்காவல் என்று இருந்த முறையில் ஒரு விதி முக்கியமானது. காவல்காரன் காவலுக்குக் கூலி வாங்குகிறான். பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். அங்கே காவல்காரனின் குணத்துக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. பொறுப்பைக் கேட்டார்கள். 'நீ நல்லவனா?' என்பதற்குப் பதிலாக 'போனா நீ குடுப்பியா?' என்பதுதான் கேள்வி.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. காவலுக்குப் பணம் தராத ஊரில் மாடு காணாமல்போகும், 'துப்புக்கூலி' கொடுத்தால் திரும்பிவரும். 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் இந்தக் காவலுக்கு எதிராகத் திரண்டதும் வரலாறுதான். சாதி ஆதிக்கமும் மிரட்டலும் அதிலேயே இருந்தன. ஆனால் வெள்ளையர் ஆட்சி அந்த முறையை உடைத்தபோது மிரட்டலை ஒழித்துப் பொறுப்பைக் காப்பாற்றவில்லை. பொறுப்பை ஒழித்தது. 1859 சட்டத்தின் கீழ் வந்த சென்னை மாகாணப் போலீஸ், களவு போன பொருளுக்கு ஈடு கட்டத் தேவையில்லாத காவல். அதற்கு மாறாக, யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்ற பட்டியல் அதன் கைக்கு வந்தது. 1871இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. காவல் செய்துவந்த கள்ளர்களும் உப்பு விற்று ஊர் சுற்றிய குறவர்களும் பிறவிக் குற்றவாளிகளாகக் 'கட்டமைக்க'ப்பட்டார்கள். கைரேகை வைக்கவும் இரவில் ஆஜராகவும் வைக்கப்பட்டார்கள். மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போய்விட்டது. பட்டியல் போனதா?

பொறுப்பின் இடத்தில் நன்னடத்தை வந்து உட்கார்ந்ததுதான் இந்த வரலாற்றின் சாரம். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் காவலாளியின் குணநலனும் முன்வரலாறும் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது. விமான நிலையத்தில் துடைப்பம் பிடிப்பவருக்கும் நுழைவு அட்டை வாங்க இதே சரிபார்ப்பு உண்டு. சரிபார்க்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன். எந்தத் தெருக்காரன், எந்தச் சாதிக்காரன் என்பது அங்கே கேட்காமலே தெரிந்துவிடும். இப்படித் தேர்ந்தெடுத்த ஆளைப் பன்னிரண்டு மணிநேரம் நிற்கவைத்துவிட்டு, வேலை முடிந்து போகும்போது அவன் பையையும் திறந்து பார்க்கிறார்கள். காவல்காரன் தன் நிறுவனத்தாலேயே நம்பப்படாதவன். பயணி மட்டும் அவனை நம்ப வேண்டுமாம்.

ஃபூக்கோ சொன்ன கண்காணிப்புக் கோபுரத்தில் பார்ப்பவன் யாருக்கும் தெரிவதில்லை. இங்கே முதலில் பார்க்கப்படுகிறவனே பார்ப்பவன்தான். அவன் தலைக்கு மேல் கேமிரா. மியாமியும் மணிலாவும் நமக்குத் தெரியவந்ததே அந்தக் கேமிராவால்தான். மேலே போகப் போகக் கேமிரா குறைந்துகொண்டே போகும். 2024இல் சென்னைப் பன்னாட்டு முனையத்துக்குள் இருந்த ஒரு பரிசுப்பொருள் கடை வழியாக இரண்டு மாதங்களில் 267 கிலோ தங்கம் கடத்தப்பட்டதாகச் சுங்கத்துறை குற்றஞ்சாட்டியது. வாசலுக்கு வாசல் மடியை உதறிப் பார்த்த அதே இடத்தில்தான் 267 கிலோ. 300 டாலரை விழுங்கிய பெண்ணின் தொண்டையை உலகமே பார்த்தது. 267 கிலோ எந்தத் தொண்டை வழியாகப் போனது?

5

சட்டம் இந்த 'நம்பிக்கை'யை எப்படிப் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, முதன்முறை தண்டிக்கப்படுபவர் 5000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடித் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்கிறது. நல்ல விஷயம். ஆனால் வேலைக்காரன் எஜமானின் பொருளைத் திருடினால் அது தனிப்பிரிவு, ஏழாண்டுவரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே கணக்குதான். எஜமான் வைத்த நம்பிக்கைக்கு விலை நாலு வருஷம் கூடுதல்.

சரி, வேலைக்காரன் எஜமான்மீது வைத்த நம்பிக்கைக்கு? அதற்கும் சட்டம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்புநிதியைக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடியாகக் கருதப்படும் என்ற விளக்கம் 1973இலேயே சேர்க்கப்பட்டு இன்றும் தொடர்கிறது. ஆனால், 'பி.எஃப். எங்கய்யா?' என்று கேட்டு ஒரு காண்டிராக்டரை ஜட்டியோடு ஸ்டேஷனில் உட்காரவைத்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? எழுத்தில் இரண்டும் குற்றம். லத்தியில் ஒன்றுதான் குற்றம்.

6

லத்தி என்றதும் நம் மாவட்டத்துக்கு வந்துதான் தீர வேண்டும். 1992இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்டவர் அங்கே உயிரிழந்தார். அவரது மனைவியைப் போலீஸார் பாலியல் வன்முறைக்குள்ளாக்கினார்கள். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையம். நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட முதனைக் கிராமத்துக் குறவர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அவர் மனைவியும் தோழர்களும் வழக்கறிஞர் சந்துருவும் நடத்திய நெடிய போராட்டம் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. 2021இல் 'ஜெய் பீம்' படமாக அது உலகுக்குத் தெரிந்தது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயில். இம்முறை சந்தேகத்துக்குள்ளானவர் ஒரு காவலாளி. கோயிலுக்கு வந்த ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை அவரிடம் தந்தார். பிறகு காரிலிருந்த நகையைக் காணோம் என்று புகார். தனிப்படைப் போலீஸார் அடித்ததில் அந்தத் தற்காலிக ஊழியர் ஜூன் 28 அன்று இறந்தார். உடம்பில் 44 காயங்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தட்டு இல்லை, ஸ்கேனர் இல்லை, ஒரு கார்ச்சாவிதான். சீட்டில்லாமல் ஒப்புவிக்கப்பட்ட பொருள், ஒப்புவித்தவரின் 'நம்பிக்கை', வாங்கியவரின் சாதியும் வர்க்கமும், நடுவில் ஒரு புகார். விமான நிலையத் தட்டில் நாம் பார்த்த அதே அமைப்பு. அங்கே முடிவு வேலைநீக்கம், இங்கே பிணம்.

இந்த இடத்தில் நம்முடைய, அதாவது எழுதுகிறவர்களுடையதும் போராடுகிறவர்களுடையதுமான சொல்லாடலை விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாம் சொல்வது என்ன? 'அவர் திருடவேயில்லை. நிரபராதி.' 'ஜெய் பீம்' படமும் அதைத்தான் சொல்கிறது. பழங்குடி நாயகன் திருடவில்லை என்பது நமக்குத் தெரியும், அதனால்தான் ஒவ்வொரு அடியும் நம்மேல் விழுகிறது. ஒரு கேள்வி: அவர் திருடியிருந்தால்? நகை மடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் 44 காயங்களும் நியாயமாகிவிடுமா? ஆகாது என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் நம் சுவரொட்டி அப்படிச் சொல்வதில்லை. அது நிரபராதிக்கு மட்டுமே அழுகிறது. நிரபராதி என்பதை மையமாக வைத்து எழுப்பும் ஒவ்வொரு முழக்கமும், 'குற்றவாளியாக இருந்தால் அடிக்கலாம்' என்ற எதிரியின் வாக்கியத்தைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறது. நன்னடத்தைச் சான்றிதழைப் போலீஸ் கேட்கிறது. அதையே நாமும் நம் தியாகிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேமிராவில் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மியாமிக்காரனை இதனால்தான் இந்த விவாதத்துக்குள் இழுத்து வந்தேன். அவன் நிரபராதி இல்லை. அவனுக்காகப் பாட்டெழுத யாருமில்லை. அவனும் அடிபடாமல் விசாரிக்கப்பட வேண்டியவன் என்று சொல்ல முடிந்தால்தான் மடப்புரத்தைப் பற்றி நாம் பேசுவதற்குப் பொருள் உண்டு.

7

அப்படியானால் பணத்தை இழந்த பெண்ணுக்கு என்ன பதில்? 'அடிக்காதே' என்பது மட்டும் அவளுக்குப் பதிலாகாது. பழைய ஊர்க்காவலில் மிரட்டலைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம். ஒப்புக்கொடுக்கச் சொன்னவன் ஈடு கட்ட வேண்டும். தட்டில் வைக்கச் சொன்னது ஊழியனின் ஆசையல்ல, நிறுவனத்தின் கட்டளை. பொருள் போனால் முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு யார் எடுத்தது என்று சட்டப்படி விசாரித்துக்கொள்ளட்டும். சாவியை வாங்கி வண்டி நிறுத்தும் வேலை அங்கே உண்டென்றால் அதற்குச் சீட்டும் பொறுப்பும் கோயில் நிர்வாகத்துடையதாக இருக்கட்டும். இழந்தவருக்கு இழப்பு உடனே ஈடு செய்யப்படும் இடத்தில் 'ரெண்டு தட்டு தட்டி வாங்கிக் குடுங்க சார்' என்று ஸ்டேஷனுக்கு ஓடும் அவசரம் பாதி குறைந்துபோகும். லத்திக்கு மக்களிடமிருந்து கிடைக்கும் அங்கீகாரம் அந்த அவசரத்திலிருந்துதான் வருகிறது என்பதைச் சொல்லக் கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாகப் பழமொழிக்கே வருகிறேன். 2023 ஜூலையில் புவனகிரிக்கு மேற்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கதிர்விட்டு நின்ற நெல் வயலுக்குள், நெய்வேலி நிறுவனத்தின் கால்வாய் வேலைக்காக, மண்வாரி எந்திரங்கள் இறங்கின. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் போலீஸ் காவல். நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் வயலில் நின்றவர்கள். வேலி பயிரை மேய்வது எப்படியிருக்கும் என்று பழமொழியாக மட்டுமே கேட்டிருந்தவர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். அதைத் திருட்டு என்று எந்தப் புகாரும் பதிவாகவில்லை. காவலின் பெயரால் நடக்கும் களவுகளில் எதைக் களவு என்று எழுதுவது, எதை வளர்ச்சி என்று எழுதுவது என்கிற பேனா யார் கையில் இருக்கிறதோ, அந்தக் கையின் மடியை உதறச் சொல்லும் வேலை இன்னும் தொடங்கப்படவேயில்லை.